போர்டுக்குப் பின்னால் நின்றவர்கள்

1

திருவொற்றியூரில் நான் வளர்ந்த தெருவின் முனையில் ஒரு கட்சிப் படிப்பகம் இருந்தது. பேர்தான் படிப்பகம். உள்ளே இரண்டு பேப்பர் கிடக்கும். அதையும் காலை எட்டு மணிக்குள் யாராவது டீக்கடைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் அது கேரம் ஆடுகிற இடம். தகரக் கூரை, நடுவில் ஒரு போர்டு, அதற்கு மேலே குடைபோட்ட ஒரு குண்டு பல்பு. ஆடுகிற நாலு பேருக்கு மட்டும் ஸ்டூல். மற்றவர்கள் நிற்க வேண்டும்.

அந்த நிற்பதில் ஒரு வரிசை உண்டு. ஆடுகிறவனின் தோளுக்குப் பின்னால் நிற்கிற இடம் பெரியவர்களுக்கு. அங்கிருந்து பார்த்தால்தான் ஸ்ட்ரைக்கர் போகிற கோணம் தெரியும். ஷிப்ட் முடித்து டிபன்பாக்ஸோடு வரும் அண்ணன்கள் பக்கவாட்டில். எங்களை மாதிரிப் பொடிப் பசங்களுக்கு இரண்டு இடுப்புகளுக்கு நடுவில் தெரிகிற ஒரு மூலை பாக்கெட் மட்டும். மூணு வருஷம் நான் கேரம் பார்த்தது அந்த ஒரே பாக்கெட்டில்தான். காய் வந்து விழும், இல்லையென்றால் வராது. எங்கிருந்து வந்தது, யார் அடித்தது என்பதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்போம். கட் அடித்தால் ஒரு சத்தம், டபுள் அடித்தால் இரண்டு.

பிறகு ஒருநாள் பின்னால் நின்ற மாமா ஒருவர் என் தலையில் கைவைத்து முன்னே இழுத்துவிட்டார். "பாருடா. ஆனா வாய தொறக்காத."

கேரம் ரசிகனுக்கு இருக்கிற ஒரே விதி அதுதான். அதை நான் ஒருமுறை மீறியிருக்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

2

கேரம் எங்கே பிறந்தது என்பதற்கு உறுதியான பதில் கிடையாது. இந்தியத் துணைக்கண்டத்தில்தான் என்பதில் மட்டும் பெரிய சண்டை இல்லை. தமிழில் சுண்டாட்டம் என்று அதற்கு அழகான பேர் இருக்கிறது. அரசாங்கச் சான்றிதழ் தவிர வேறெங்கும் யாரும் சொல்வதில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு அது ஊர் ஊராகப் பரவியது. 1956-ல் அகில இந்தியக் கேரம் சம்மேளனம் உருவானது. 1988-ல் சர்வதேசக் கேரம் சம்மேளனம் தொடங்கப்பட்டது இதே சென்னையில்தான். உலகத்துக்கு ஒரு விளையாட்டின் சட்டப் புத்தகத்தைக் கொடுத்த ஊர் இது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஆனால் சம்மேளனத்தை மட்டும் வைத்து வடசென்னையில் கேரம் ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு இந்த நிலத்தைப் பார்க்க வேண்டும்.

1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. துறைமுகம் வளர்ந்தது. பெரம்பூர்ப் பக்கம் பின்னி ஆலைகள். அந்த ஆலைத் தொழிலாளிகளை வைத்துத்தான் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. சுதந்திரத்துக்குப் பிறகு எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது. அதுதான் பின்னால் அசோக் லேலண்ட். 1955-ல் திருவொற்றியூரில் என்பீல்டு. அப்புறம் டயர், உரம், அனல் மின்நிலையம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ரயில் பாதை, நடுவில் இருக்கிற நிலத்தையெல்லாம் கம்பெனி மதில்கள் எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்த சந்துகளில் ஜனங்கள் குடியிருந்தார்கள்.

மைதானம் என்று ஒன்று வேண்டுமானால் அது சுமார் 74 சென்டிமீட்டர் சதுரத்தில்தான் கிடைக்கும் என்கிற இடத்தில் கேரம் வளர்ந்தது. ஷிப்ட் முறை அதற்கு உதவியது. காலை ஷிப்ட் முடித்தவன் சாயங்காலம் ஆடுவான், நைட் ஷிப்ட்காரன் மதியம் ஆடுவான். போர்டு சும்மா இருக்காது. கட்சிப் படிப்பகமோ, நடிகர் மன்றமோ, சங்க அலுவலகமோ, வாசலில் ஒரு போர்டு போட்டுவிட்டால் கூட்டம் தானாக வந்துவிடும். கேரம் கடைகளில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. தோத்தவன் காசு கொடுக்கணும். காசில்லாதவன் தோற்கக் கூடாது. நல்ல ஆட்டக்காரர்களை உருவாக்கியதில் அந்த விதிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

கடலோரத்துக்கு என்று ஒரு தனிப் பிரச்சினையும் இருந்தது. உப்புக்காற்று பட்டால் போர்டு இழுக்கும். காய் பாதி வழியில் நின்றுவிடும். அதனால் பல்பை இறக்கிக் கட்டிப் பலகையைச் சூடாக்குவார்கள். போரிக் பவுடரைத் தூவி உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். தேய்க்கிற வேலை எங்களுக்கு. இரவு வீட்டுக்குப் போனால் கையைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

வெற்றிமாறனின் 'வடசென்னை' 2018-ல் வந்தபோது, தனுஷின் அன்பு பாத்திரம் கேரம் ஆட்டக்காரன் என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சுவாரஸ்யமான விவரமாகத் தெரிந்தது. எங்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. வேற இன்னா ஆடுவான் அவன்?

3

தெருவில் ஆடுவதும் போட்டியில் ஆடுவதும் ஒன்றல்ல. தெருவில் பின்னால் நிற்கிறவன் எல்லாம் கோச். "ரெட்ட விட்றாத", "அத்த கட் எட்றா", "ஃபாலோ இருக்குபா, இங்க பாரு" என்று காதுக்குள்ளேயே சொல்வார்கள். திட்டு, கைதட்டல், பந்தயம் எல்லாம் உண்டு. போட்டிக்கூடத்துக்குள் நுழைந்தால் இதெல்லாம் நின்றுவிடும்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூட அரங்கமோ கல்யாண மண்டபமோ, வரிசையாக இருபது முப்பது போர்டுகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு அம்பயர். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, நடுவில் ஒரு சிவப்பு. 25 புள்ளி, அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அதோடு ஒரு கேம் முடியும். மூன்றில் இரண்டு கேம் எடுத்தவர் ஜெயித்தவர். சிவப்புக்கு மூன்று புள்ளி. ஆனால் அதை எடுத்தவன் உடனே தன் காய் ஒன்றைப் போட்டு ஃபாலோ காட்ட வேண்டும், இல்லையென்றால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும். 22 புள்ளியைத் தொட்டுவிட்டவனுக்குச் சிவப்பால் புள்ளி கிடையாது. ஆனாலும் எதிராளிக்குக் கிடைக்காமல் தடுக்க அவனும் அதைத் துரத்துவான். கேரமின் பாதி நாடகம் இங்கேதான் இருக்கிறது.

பிரேக் அடித்தவன் ஸ்ட்ரைக்கரைக் கைவிடாமல் ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் ஒரே மூச்சில் முடித்தால் அது ஒயிட் ஸ்லாம். எதிரே உட்கார்ந்திருப்பவன் ஒருமுறைகூட விரலை நீட்டாமல் தோற்றுப்போவான். அப்படி ஒன்று நடக்கும்போது அரங்கம் எப்படி மாறும் தெரியுமா? ஆறாவது காய் விழும்போது பக்கத்து போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்புவார்கள். ஏழாவதில் டீ குடிக்கப் போனவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். எட்டாவதில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. ஒன்பதாவது விழுந்த பிறகுதான் கைதட்டல்.

இந்தக் கூடங்களிலிருந்து வந்தவர்தான் மரிய இருதயம். சென்னைக்காரர். ஒன்பது முறை தேசிய சாம்பியன், 1991-லும் 1995-லும் உலக சாம்பியன். 1996-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. எங்கள் மன்றங்களில் அவர் பேரைச் சொல்லும்போது குரல் ஒரு படி இறங்கும். அடுத்து இளவழகி, வியாசர்பாடிப் பெண். 2008-ல் பிரான்ஸின் கான் நகரில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் பட்டத்தை வென்றார். திரைப்பட விழாவுக்குப் பேர்போன அதே கான்தான். சிவப்புக் கம்பளத்தில் யார் என்ன உடை போட்டார்கள் என்பது வருஷா வருஷம் நமக்குத் தெரியும். வியாசர்பாடிப் பெண் ஒருத்தி அந்த ஊரில் சிவப்புக் காயை எடுத்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

4

போன வருஷம் தூக்கம் வராத ஒரு ராத்திரி, யூடியூப் என்னை எங்கெங்கோ இழுத்துப்போய் அமெரிக்கக் கல்லூரிகளின் லக்ராஸ் இறுதிப்போட்டியில் விட்டது. நீளக் குச்சியின் நுனியில் வலை, அதில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஆட்டம் எனக்குப் பாதிதான் புரிந்தது, கூட்டம் முழுசாகப் புரிந்தது. தாத்தா, அப்பா, பேரன் மூணு பேரும் ஒரே கல்லூரியின் பனியனைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மே கடைசியில் வரும் விடுமுறை வாரத்தில் இது ஒரு திருவிழா. 1971-ல் கார்னெல் பல்கலைக்கழகம் மேரிலேண்டை வென்றதிலிருந்து இந்தச் சாம்பியன் பட்டம் தொடர்கிறது. சில வருஷங்களில் கூட்டம் 40,000-ஐத் தாண்டியிருக்கிறது.

தேடிப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம். ஹோடனோஷோனி மக்கள் அதைப் படைத்தவன் தங்களுக்குக் கொடுத்த ஆட்டம் என்று நம்புகிறார்கள். கல்லூரிகள் அதை எடுத்துக்கொண்டன. மைதானம், உதவித்தொகை, பழைய மாணவர் கூட்டம் எல்லாவற்றையும் கொடுத்தன. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸ் மறுபடியும் வருகிறது. அதில் சொந்தக் கொடியின் கீழ் ஆட விடுங்கள் என்று ஹோடனோஷோனி மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேரம் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. அதற்குக் கல்லூரி என்கிற தாய்வீடும் இல்லை. அதற்குக் கிடைத்தது இரண்டு. ஒன்று, தெரு மன்றம். இன்னொன்று, பொதுத்துறை வேலை. பெட்ரோலிய நிறுவனங்கள், ரிசர்வ் வங்கி, எல்ஐசி, ஏர் இந்தியா என்று கேரம் அணி வைத்திருந்த நிறுவனங்களை நம்பித்தான் ஒரு தலைமுறையே ஸ்ட்ரைக்கரைப் பிடித்தது. அமெரிக்க ரசிகனின் கல்லூரி தோற்றால் அவன் வருத்தப்பட்டு வீட்டுக்குப் போவான். இங்கே போர்டுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு ஒரு வேலை போவது தெரியும். அதனால்தான் எங்கள் கூடங்களில் அவ்வளவு அமைதி. அம்பயரின் அதட்டல் மட்டும் அதற்குக் காரணமில்லை.

இப்போது அந்தக் கதை.

என் நண்பன் ஒருவன். எங்கள் படிப்பகத்திலேயே பவுடர் தேய்த்து வளர்ந்தவன். என்னைவிட நூறு மடங்கு ஆட்டக்காரன். ஒரு மாவட்ட அளவிலான போட்டியில், இன்னும் ஒரு ரவுண்டு தாண்டினால் மாநிலப் போட்டிக்குத் தேர்வு என்கிற கட்டம். மாநில அளவில் இடம்பிடித்தால் சான்றிதழ், அதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் விண்ணப்பம். அவன் வீட்டில் அந்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம்.

மூன்றாவது கேம், எட்டாவது போர்டு, 20-20. போர்டில் அவனுக்கு ஒரு காய், எதிராளிக்கு இரண்டு, சிவப்பு அப்படியே இருக்கிறது. சிவப்பை மெல்லிசாகக் கட் பண்ணி இடது பாக்கெட்டுக்கு அனுப்பினால், ஃபாலோவுக்குக் காய் வலது மூலையில் தயாராக இருக்கிறது. அவன் விரலை வைத்துவிட்டான். நான் அவன் தோளுக்குப் பின்னால் இருந்தேன். என் கண்ணுக்கு அந்தக் கோணம் தப்பாகத் தெரிந்தது. என்னை அறியாமல் "த்சு" என்றேன். அவ்வளவுதான்.

அவன் விரல் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. அம்பயர் என்னை முறைத்தார். அவன் ஸ்ட்ரைக்கரை இரண்டு விரற்கடை நகர்த்தி, கட்டை விட்டுவிட்டு டபுள் அடித்தான். சிவப்பு சட்டத்தில் பட்டுத் திரும்பி வந்து பாக்கெட்டின் உதட்டில் நின்றது. எதிராளி ஒரே கையில் சிவப்பையும் இரண்டு காயையும் முடித்தான். 24-20.

வெளியே வந்து டீ குடித்தோம். "கட் அடிச்சிருந்தா வுழுந்திருக்கும்ல?" என்று கேட்டேன். "வுழுந்திருக்கும்" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். பத்து வருஷமாக என் குரலைக் கேட்டுத்தான் அவன் ஆடியிருக்கிறான். தெருவில் நான் "த்சு" என்றால் வேறு ஷாட் பார்ப்பான். அந்தப் பழக்கம் அரங்கத்துக்குள்ளும் வந்துவிட்டது. இன்றைக்கு அவன் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான்.

இதை நான் வெறும் குற்ற உணர்ச்சியோடு மட்டும் சொல்லவில்லை. கேரம் வரலாறு எழுதுகிறவர்கள் சாம்பியன்களின் பட்டியலைப் போடுவார்கள், சம்மேளனத் தேதிகளைப் போடுவார்கள். அந்த ஆட்டக்காரர்களுக்கு முதல் கோச், முதல் அம்பயர், முதல் ஸ்பான்சர் எல்லாம் பின்னால் நின்ற கூட்டம்தான். தெருவில் கத்தி வளர்த்த அதே கூட்டம், போட்டிக்கூடத்தில் வாயை மூடி வழிவிட வேண்டும். நான் அதில் பாதியைத்தான் கற்றிருந்தேன்.

5

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த 17 வயது காசிமா தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டும் அவருடைய அப்பாதான் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லித்தருகிறவர். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. அந்த ஒரு வாரம் எல்லா டிவியிலும் கேரம் போர்டு தெரிந்தது.

அன்றைக்கு நண்பனுக்குப் போன் பண்ணினேன். எண்ணூர் சாலையில் லாரி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். வீடியோவை ஏற்கெனவே பார்த்துவிட்டான். "பொண்ணு இன்னா அமைதியா உக்காந்துருக்கா பாத்தியா?" என்றான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னான். தெருவில் பசங்க புது போர்டு வாங்கியிருக்கிறார்களாம், பல்பு கட்ட ஆள் வேண்டுமாம்.

போனேன். படிப்பகம் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அதற்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டிப் போர்டு போட்டிருந்தார்கள். பத்துப் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி ஸ்ட்ரைக்கர் வைத்திருந்தாள். சிவப்பு இடது பாக்கெட்டுக்குப் பக்கத்தில், மெல்லிசான கட். எனக்குக் கோணம் கொஞ்சம் தப்பாகத்தான் தெரிந்தது.

நண்பன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.