தொலைக்காட்சியை மறுத்த ஊரின் திரைப்படம்: இக்லூலிக் இனுவிட் சினிமாவின் வளர்ச்சி

ஆர்க்டிக் பழங்குடிகளான இனுவிட் மக்களின் வாழ்க்கையைக் காட்டி 1922இல் ராபர்ட் ஃபிளாகர்ட்டி வெளியிட்ட ‘நானூக் ஆஃப் த நார்த்’ என்ற படம், கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் இனுக்ஜுவாக் அருகே படமாக்கப்பட்டது. நாயகனாக நடித்தவரின் உண்மைப் பெயர் அல்லகரியல்லக். மனைவியராகக் காட்டப்பட்டோர் அவருடைய மனைவியர் அல்லர். துப்பாக்கி புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில் ஈட்டி வேட்டை நடிக்கப்பட்டது. வெளிச்சத்துக்காகப் பனிவீடு பாதியாகவே கட்டப்பட்டது. மீள்நடிப்பு என்பதற்காக மட்டும் இப்படத்தைக் குறைகூறுவதை நான் ஏற்கவில்லை. பிற்கால இனுவிட் இயக்குநர்களும் அதே உத்தியைக் கையாண்டார்கள். எதை, யாருக்காக நடித்துக் காட்டுவது என்று தீர்மானித்தவர் யார் என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

அந்தத் தீர்மானம் கைமாறிய வரலாற்றைக் கனடாவின் வடபகுதியில் உள்ள இக்லூலிக் என்ற இனுவிட் சிற்றூரில் தெளிவாகக் காணலாம். தெற்கிலிருந்து செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி வந்தபோது, ஊர் மக்கள் 1975இலும் 1979இலும் வாக்களித்து அதை மறுத்தார்கள். தங்கள் மொழியான இனுக்டிடுட்டில் நிகழ்ச்சிகள் இல்லை என்பதே காரணம். 1981இல் இனுவிட் ஒளிபரப்பு நிறுவனம் உருவான பிறகுதான் ஊர் இசைந்தது. கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே, திரையில் எம்மொழி ஒலிக்க வேண்டும் என்பதில் இம்மக்கள் உறுதியாக இருந்தார்கள். இந்த மறுப்பையே இனுவிட் சினிமாவின் முதல் அத்தியாயமாகக் கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

அதே 1981இல் சகரியாஸ் குனுக் என்ற இளம் சிற்பி, தம் கற்சிற்பங்களை மான்ட்ரியலில் விற்று வீடியோ கேமரா வாங்கினார். 1990இல் பால் அபக் அங்கிலிர்க், பவுலூசி குலிதாலிக், நியூயார்க்கிலிருந்து வந்த நார்மன் கோன் ஆகியோருடன் ‘இசூமா’ நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் உரிமையில் முக்கால் பங்கு இனுவிட்களுடையதாக இருந்தது. மறு ஆண்டே பெண்களின் வீடியோ குழுவான ‘அர்னாயிட்’ உருவானது. 1945ஆம் ஆண்டு வாழ்க்கையை 13 பகுதிகளில் மீள்நடித்த ‘நுனாவுட்’ தொடரில், பெரியவர்கள் தாங்கள் வாழ்ந்தறிந்த காலத்தையே திரைக்குக் கொண்டுவந்தார்கள். ஃபிளாகர்ட்டியின் உத்தி இங்கே நினைவைச் சேமிக்கும் வழியாக மாறியது.

இம்முயற்சிகளின் உச்சம் 2001இல் வெளிவந்த ‘அடனார்ஜுவாட்’. முழுக்க இனுக்டிடுட்டில் அமைந்த முதல் முழுநீளக் கதைப்படம் அது. உடன்பிறந்தான் கொல்லப்பட, கடற்பனியின் மேல் வெற்றுடலோடு ஓடித் தப்பியவனின் தொல்கதையைப் பெரியவர்கள் பலரிடம் கேட்டுப் பதிந்து, அபக் திரைக்கதைக்கு அடித்தளமிட்டார். படம் முடிவதைக் காண அவர் இல்லை. 1998இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. ஆடைகளும் கருவிகளும் உள்ளூர்க் கைகளில் பழைய முறைப்படி உருவாயின. வாய்மொழி மரபில் நாயகன் பகைவரைக் கொன்று பழிதீர்க்கிறான். படத்திலோ கொல்லாமல் விடுகிறான், குற்றவாளிகள் ஊரைவிட்டு விலக்கப்படுகிறார்கள். தொல்கதையை மாற்றும் துணிவு, அதற்கு உரியவர்களுக்கே முறையாக வாய்க்கும். கான் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான ‘கேமரா தோர்’ விருதைப் பெற்ற இப்படம், அதற்கு முன்பே இக்லூலிக்கில் திரையிடப்பட்டிருந்தது.

1957இல் பிறந்து, ஒன்பது வயதில் பள்ளிக்காகக் குடியிருப்புக்குக் கொண்டுவரப்பட்டவர் குனுக். அத்தகைய இடமாற்றத்தையே பேசுகிறது, 2019இல் வெனிஸ் கலைவிழாவின் கனடா அரங்கில் இசூமா காட்டிய படமான ‘நோவா பியுகாட்டுக்கின் வாழ்வில் ஒரு நாள்’. 1961இல் நோவா என்ற வேட்டைக் குடும்பத் தலைவரை நிரந்தரக் குடியிருப்புக்கு நகரச் சொல்லி அரசு அலுவலர் வற்புறுத்தும் ஒரு நாளின் நீண்ட உரையாடலே அதன் களம். அலுவலர் சொல்வதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே நோவாவை எட்டுகிறது.