அணுவைத் 'தடவி'ப் பார்க்கும் மைக்ரோஸ்கோப்... ஏ.எஃப்.எம் எப்படி வேலை செய்கிறது?

ராத்திரி திடீர்னு கரண்ட் போயிடுச்சு. என்ன செய்வோம்? சுவரைத் தடவிக்கிட்டே போய் மெழுகுவர்த்தியைத் தேடுவோம். இதே வேலையை அணு அளவில் செய்யும் கருவிதான் அட்டாமிக் ஃபோர்ஸ் மைக்ரோஸ்கோப், சுருக்கமாக ஏ.எஃப்.எம். தமிழில் அணுவிசை நுண்ணோக்கி.

சாதாரண மைக்ரோஸ்கோப் போதாதா?

போதாது. ஒளியை வைத்துப் பார்க்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாமே மங்கிவிடும். ஒரு அணுவோ அரை நானோமீட்டர்கூட இருக்காது.

எப்படி வேலை செய்கிறது?

வளையக்கூடிய ஒரு குட்டிப் பட்டை. அதன் நுனியில் மிகக் கூர்மையான ஊசிமுனை. இந்த முனை பரப்பின் மேல் வரிவரியாக நகரும்போது, அணுக்களுக்கு இடையிலான விசை அதை இழுக்கும் அல்லது தள்ளும். உடனே பட்டை லேசாக வளையும். பட்டையின் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளி எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்து, மேடு பள்ளங்களைக் கம்ப்யூட்டர் படமாக்கிவிடும்.

யார் கண்டுபிடித்தது?

1986-ல் கெர்ட் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் ஆகிய மூவர். பின்னிக் ஏற்கெனவே ஹைன்ரிக் ரோரருடன் உருவாக்கிய எஸ்.டி.எம் கருவியில், மின்சாரம் கடத்தும் பொருட்களை மட்டுமே பார்க்க முடிந்தது. ஏ.எஃப்.எம்-க்கு அந்தத் தடை இல்லை. கண்ணாடி, பிளாஸ்டிக், ஏன், தண்ணீரில் இருக்கும் உயிருள்ள செல்லைக்கூட ஆராயலாம்.

என்ன சாதித்தது?

2009-ல் சூரிச் ஐ.பி.எம் ஆய்வாளர்கள், முனையில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்து, சுமார் மைனஸ் 268 டிகிரி குளிரில் பென்டசீன் மூலக்கூறைப் படம் பிடித்தனர். அதன் 5 வளையங்களும் பளிச்சென்று தெரிந்தன.

அடுத்த ஆண்டே ஒரு நிஜப் பரீட்சை. மரியானா அகழியின் சேற்றில் கிடைத்த பாக்டீரியா உருவாக்கிய ஒரு வேதிப்பொருளுக்கு, மற்ற சோதனைகளின்படி 4 அமைப்புகள் பொருந்தின. எது சரி? ஏ.எஃப்.எம் படமும் கணக்கீடுகளும் சேர்ந்து, அது 'செஃபலண்டோல் ஏ' என்று காட்டின. அணுக்கள் இடம் மாறினால் மருந்தின் குணமே மாறலாம் என்பதால் இது முக்கியம்.

குறையே இல்லையா?

இருக்கு. ஒரே நேரத்தில் மிகச் சிறிய பரப்பைத்தான் பார்க்க முடியும், அதுவும் மெதுவாக. முனை மழுங்கிவிட்டால் படமும் பொய் சொல்லும். விரலில் தடித்த கையுறை போட்டுத் தடவினால் எப்படியோ, அப்படித்தான்!