நாணயங்களில் இரட்டைப் பதிவு

நாணயங்களில் இரட்டைப் பதிவு என்பது எழுத்துக்கள், எண்கள் அல்லது உருவங்கள் இரண்டு முறை பதிந்தவை போலத் தோன்றும் நிலையாகும். பார்வைக்கு ஒத்திருப்பினும் இது பல காரணங்களால் ஏற்படுகிறது. அச்சு இரட்டிப்பும் இருமுறை அடிப்பும் சேகரிப்பாளர்களால் விரும்பப்படுகின்றன. ஏனைய வகைகளுக்குப் பொதுவாகக் கூடுதல் விலை இல்லை. எனவே நாணயவியலில் இவற்றைப் பிரித்தறிதல் முக்கியமானதாகும்.

அச்சு உருவாகும் முறை

நாணயம் அடிக்கும் அச்சில் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் இருக்கும். 'ஹப்' எனப்படும் புடைப்பான தாய் அச்சை எஃகுத் துண்டில் அழுத்தி இது செய்யப்படுகிறது. முன்னர் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுமையாகப் பதியாததால், எஃகைச் சூடாக்கி ஆறவிட்டு இளக்கிய பின் மீண்டும் அழுத்தினர்.

வகைகள்

அச்சு இரட்டிப்பு: மறு அழுத்தத்தில் தாய் அச்சு சற்று விலகி அமைவதால் அச்சிலேயே இரண்டு பதிவுகள் உண்டாகின்றன. அந்த அச்சில் அடிக்கப்படும் எல்லா நாணயங்களிலும் இதே இரட்டிப்பு காணப்படும். இரண்டு பதிவுகளும் உருண்டு புடைத்திருக்கும். எழுத்துக்கள் தடித்து, அவற்றின் முனைகள் பிளந்து தெரியும்.

இயந்திர இரட்டிப்பு: அடிக்கும் வேளையில் தளர்ந்த அச்சு அசைந்து, புடைத்த எழுத்தின் ஓரத்தைத் தேய்த்துவிடுவதால் ஏற்படுகிறது. இரண்டாம் பதிவு படிக்கட்டுப் போலத் தட்டையாக இருக்கும். மூல எழுத்து மெலிந்து காணப்படும். ஒவ்வொரு நாணயத்திலும் இதன் அளவு வேறுபடலாம்.

தேய்மான இரட்டிப்பு: நெடுநாள் பயன்பட்ட அச்சின் தேய்வால் எழுத்துக்களைச் சுற்றி மங்கலான நிழல் போன்று தோன்றும். தெளிவான இரண்டாம் எழுத்து இராது.

இருமுறை அடிப்பு: அடிக்கப்பட்ட நாணயம் வெளியேறாமல் மீண்டும் அடிபடுவதாகும். இதில் முதற் பதிவு நசுங்கியிருக்கும். இரு பக்கங்களும் பாதிக்கப்படுவது வழக்கம்.

1955 லிங்கன் சென்ட்

அச்சு இரட்டிப்புக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் 1955ஆம் ஆண்டு அடிக்கப்பட்ட ஒரு சென்ட் நாணயமாகும். தாய் அச்சு நடுப்பகுதியை மையமாகக் கொண்டு சற்றுத் திரும்பியிருந்ததால், விளிம்பை ஒட்டிய எழுத்துக்களிலும் ஆண்டிலும் இரட்டிப்பு வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. லிங்கனின் முகத்தில் அது புலப்படுவதில்லை. பின்புறம் இயல்பானது. பிழை அறியப்படுமுன் பல நாணயங்கள் ஏனையவற்றுடன் கலந்துவிட்டன. 20,000க்கும் மேற்பட்டவை புழக்கத்திற்கு வந்ததாக மதிப்பிடப்படுகிறது.

அதே ஆண்டின் வேறு சில சென்ட்களில் கடைசி 5 என்ற எண் தேய்மானத்தால் இரட்டித்துக் காணப்படுகிறது. இவை 'ஏழையின் இரட்டை அச்சு' என அழைக்கப்படுகின்றன. இவற்றின் விலை மிகக் குறைவு. உண்மையான இரட்டை அச்சு நாணயத்திற்குப் போலிகளும் உண்டு.

தற்கால நிலை

1990களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க நாணயச்சாலை ஒரே அழுத்தத்தில் அச்சுக்களை உருவாக்குகிறது. எனினும் அச்சு இரட்டிப்பு முற்றிலும் மறையவில்லை. அழுத்தத் தொடங்கும்போது எஃகுத் துண்டு சாய்ந்திருந்து பின்னர் நிமிர்ந்தால், பெரும்பாலும் நடுப்பகுதியில் சிறிய இரட்டிப்பு ஏற்படுகிறது. இதனைக் காண உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்படும்.