பெட்டியடிக் கல்வி

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகள், முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) முதலிய பின்ன வாய்பாடுகளை எண்சுவடி வழியே மாணவருக்கு மனப்பாடமாக்கினவே ஒழிய, கடன் கொடுப்பதற்குமுன் ஆளை எடைபோடுவது எப்படி, கொடுத்த பணத்துக்குக் கணக்கு வைப்பது எப்படி என்பவற்றைக் கற்பிக்கவில்லை. அக்கல்வியைக் கட்டணமின்றித் தந்த இடம் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடையே. பணப்பெட்டியின் அருகே ஏவல்களைச் செய்துகொண்டே தொழில் பழகியமையால் 'பெட்டியடிப் பையன்' எனப்பட்ட சிறுவன், காலப்போக்கில் 'அடுத்தாள்' என்னும் உதவியாளனாகவும், பின்னர் கடைப்பொறுப்பை ஏற்கும் 'மேலாள்' ஆகவும் உயர்ந்தான். அன்றாட வரவு செலவைப் பேரேட்டில் ஏற்றவும், வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் ஒருங்கே காட்டும் 'ஐந்தொகை' எடுக்கவும் அவன் கற்றது, ஒவ்வொரு பிழையும் முதலாளியின் பணத்தையே தொடும் என்ற நிலையில்தான்.

பர்மா, மலாயா, இலங்கைக் கடைகளுக்கு ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பப்பட்ட மேலாள், ஊர் திரும்பியதும் கணக்கை ஒப்புவித்தாக வேண்டும் என்பதால், கற்பித்தவர் சொன்னது சரிதானா என்பதைக் காலமே சோதித்துக் காட்டியது. இக்கல்வியின் நம்பகத்தன்மைக்கு ஆசிரியரின் நற்பண்பைவிட இந்த ஏற்பாடே பெரிய காரணம் எனலாம். அதன் குறையும் வெளிப்படையானது: உறவு, சாதி என்னும் வேலிக்கு வெளியே நின்றவருக்கும், அவ்வேலிக்குள்ளேயே இருந்த பெண்களில் பெரும்பாலோருக்கும் அது எட்டவில்லை.

எட்டாதவர் நிலையை 1906 அக்டோபரில் சென்னையில் வங்கித் தொழில் நடத்திய ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்தபோது காண முடிந்தது. வழக்கறிஞர், அரசு ஊழியர் உள்ளிட்ட படித்த மக்கள் தம் சேமிப்பை அதில் நம்பி வைத்ததற்கு அந்நிறுவனத்தின் பெயரைத் தவிர வேறு அடிப்படை அவர்களிடம் இல்லை. அது சிலர் கூட்டாக நடத்திய பங்காளி நிறுவனமாதலால், அதன் உட்கணக்கை வெளியார் பார்க்க வழியுமில்லை. அதன் பங்காளியான சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றபின், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி திறக்கப்பட்டது. நகரத்தாரான எஸ். ஆர்எம். எம். ராமசாமி செட்டியார் அதன் தொடக்க இயக்குநர்களுள் ஒருவர். பங்கு நிறுவனமாகப் பதிவான அவ்வங்கி, தன் ஐந்தொகையைப் பங்குதாரர் முன் வைக்கக் கடமைப்பட்டிருந்தது.