பிறப்பு மூச்சுத்திணறல்: ஆபத்துக் காரணிகள்

பிறந்த குழந்தை தானாக மூச்சுவிடத் தொடங்காததும், தொடங்கிய மூச்சு போதாமல் இருப்பதும் பிறப்பு மூச்சுத்திணறல் எனப்படும். ஆக்சிஜன் குறையக் குறைய இதயத்துடிப்பும் மந்தமாகும். பெரும்பாலான குழந்தைகளிடம் முதலில் தடைப்படுவது மூச்சு. இதயம் தளர்வது அதன் விளைவே.

உடலில் நிகழும் மாற்றம்

கருப்பையில் சிசுவின் நுரையீரலில் திரவம் நிறைந்திருக்கும். ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியே கிடைக்கும். பிறந்ததும் திரவம் விலகி, காற்று நிரம்பி, நுரையீரல் ரத்தக்குழாய்கள் விரிய வேண்டும். அவை விரியாவிட்டால் ரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரலைத் தொடாமலே உடலுக்குத் திரும்பிவிடும்.

காரணிகள்

*தாய்:* உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கடும் ரத்தசோகை, தொற்று, இரட்டைக் கரு.

*பிரசவம்:* நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல், தொப்புள்கொடி முந்தி இறங்குதல், நீடித்த பிரசவ வலி, தாய்க்குத் தரப்படும் பொது மயக்கமருந்து. வலி தொடங்குமுன் செய்யப்படும் சிசேரியனில் நுரையீரல் திரவம் தாமதமாக வற்றுவதால், சில குழந்தைகள் வேகவேகமாக மூச்சுவாங்கும்.

*குழந்தை:* 37 வாரத்துக்கு முன் பிறப்பது, வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து அதை உறிஞ்சிவிடுவது, பிறவி இதயக் கோளாறு, உதரவிதானத்தில் ஓட்டை. குறைமாதக் குழந்தைகளிடம், நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதிய அளவு சுரந்திருக்காது. ஆகவே, குறைப்பிரசவ அறிகுறி தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள்.

மதிப்பீடும் சிகிச்சையும்

அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1953இல் வெளியிட்ட அளவீடு நிறம், இதயத்துடிப்பு, தூண்டலுக்கு எதிர்வினை, தசை முறுக்கு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் தருகிறது. இது 1ஆம், 5ஆம் நிமிடங்களில் கணக்கிடப்படும். ஆனால் சிகிச்சை இந்த மதிப்பெண்ணுக்காகக் காத்திருப்பதில்லை. குழந்தையைத் துடைத்து, கதகதப்பாக வைத்து, முதுகைத் தேய்த்துவிட்டும் மூச்சு வராவிட்டாலோ, துடிப்பு நிமிடத்துக்கு 100க்குக் கீழே இருந்தாலோ, முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் கொண்டு காற்று செலுத்த வேண்டும். காற்று நுரையீரலை எட்டினால் பெரும்பாலும் துடிப்பு தானே ஏறும். நன்றாகக் காற்று செலுத்தியும் துடிப்பு 60க்குக் கீழேயே இருந்தால்தான் மார்பை அழுத்துவார்கள்.

தடுப்பு

முறையான கர்ப்பகாலப் பரிசோதனையில் இக்காரணிகளில் பல முன்பே தெரிந்துவிடும். அத்தகைய பிரசவத்தைப் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையில் திட்டமிடலாம். எந்தக் காரணியும் இல்லாத குழந்தைக்கும் மூச்சு தடைப்படலாம் என்பதால், ஒவ்வொரு பிரசவத்திலும் பச்சிளங்குழந்தைக்கு உயிர்ப்பூட்டப் பயிற்சி பெற்ற ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும்.