சைக்காலஜி பட்டமும் கல்விக் கடனும்: ஒரு பழைய கணக்கு

"பொண்ணு சைக்காலஜி எடுக்கப் போறேங்கிறா சார். மூணு வருஷத்துக்கு ஆறு லட்சம் ஆகுமாம். லோன் போட்டுப் படிக்க வைக்கலாமா?"

வங்கியில் வேலை பார்ப்பதால் ஒவ்வொரு வருஷமும் மே, ஜூன் வந்தால் இப்படி யாராவது கேட்டுவிடுவார்கள். கொல்கத்தாவில் இருக்கும் நம்மவர்கள் மட்டுமில்லை, புனே, டெல்லியிலிருந்தும் போன் வரும். முன்பெல்லாம் கேள்வி இன்ஜினியரிங் பற்றித்தான் இருக்கும். இப்போது சைக்காலஜியும் சேர்ந்துகொண்டது.

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. அந்தப் படிப்பு நம் நாட்டுக்கு எப்படி வந்தது, கல்விக் கடன் எப்படி வந்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் எங்கே என்று தெரியும்.

முதலில் படிப்பு. இந்தியாவில் உளவியலுக்கென்று தனித் துறை முதலில் தொடங்கியது நான் இருக்கும் இந்த ஊரில்தான். 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் தொடங்கியது. ஹார்வர்டில் படித்துவிட்டு வந்த நரேந்திரநாத் சென்குப்தா பொறுப்பேற்றார். 1924-ல் மைசூர் பல்கலைக்கழகம். அங்கே எம்.வி.கோபாலசுவாமி, லண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்றவர். (1935-ல் தன் வீட்டிலேயே வானொலி நிலையம் ஆரம்பித்து 'ஆகாசவாணி' என்ற பெயரைப் பிரபலப்படுத்தியவரும் இவரே!) சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் ஜி.டி.போவாஸ் துறையைத் தொடங்கினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கல்கத்தாவில் ஆரம்பித்ததே முதுகலை வகுப்பாகத்தான். மேலே கட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்த படிப்பு இது. இன்ஜினியரிங்கில் பி.இ. முடித்தாலே தொழிலுக்குள் நுழைந்துவிடலாம். உளவியலில் பி.ஏ. என்பது வாசற்படி மட்டும்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு இது இன்னும் உறுதியானது. 1954-ல் பெங்களூரில் அகில இந்திய மனநலக் கழகம் வந்தது (1974-ல் நிம்ஹான்ஸ் ஆனது இதுதான்). மருத்துவமனையில் வேலை செய்யும் உளவியலாளர்களுக்கான பயிற்சி 1955-ல் அங்கே ஆரம்பித்தபோது, அது முதுகலை முடித்தவர்களுக்கான டிப்ளமோ. பிறகு அது எம்.ஃபில் ஆனது. 1992-ல் மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்தபின், கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய கவுன்சிலின் பதிவு அவசியமானது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் முதுகலைக்கு மேல் இரண்டு வருட முழுநேரப் பயிற்சியைத்தான் பேசுகிறது.

கூட்டிப் பாருங்கள். 3 + 2 + 2 = 7 வருடம். பதினெட்டு வயதில் சேரும் பெண்ணுக்குத் தொழில் தொடங்கும்போது வயது இருபத்தைந்து, அதுவும் எல்லா நுழைவுத் தேர்விலும் முதல் தடவையே இடம் கிடைத்தால்!

இனி கடன். 1963-ல் மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. வட்டி கிடையாது. படித்தவர் ஆசிரியர் வேலைக்குப் போனால், ஒவ்வொரு வருட சேவைக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. சம்பளம் குறைவான, ஆனால் நாட்டுக்கு வேண்டிய வேலை என்று ஒன்று உண்டு என்பதை அந்தத் திட்டம் ஒப்புக்கொண்டிருந்தது.

2001-ல் வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம் வரை, 4 லட்சம் வரை ஜாமீன் வேண்டாம். நம்மூரில் எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரியைப் படிக்க வைத்த திட்டம் அது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் கணக்கு எளிமையானது: படிப்பு முடியும், வேலை கிடைக்கும், தவணை கட்டுவார். என்ன படிப்பு, எத்தனை வருடத்தில் சம்பாத்தியம் என்ற வேறுபாட்டுக்கு அதில் இடமில்லை. 2009-ல் வந்த வட்டி மானியமும் (குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்) தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்குத்தான். சாதாரண பி.ஏ. அதில் வராது. 2024-ல் வந்த பிரதமர் வித்யாலக்ஷ்மி திட்டம் படிப்பைவிடக் கல்லூரியின் தரவரிசையைப் பார்க்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள கல்லூரி என்றால் விசாரித்துப் பார்க்கலாம்.

சரி, நண்பரின் ஆறு லட்சத்துக்கு வருவோம். வருடம் 2 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் மூன்று வருடமும் பிறகு ஒரு வருடமும் தவணை இல்லை, தனிவட்டி மட்டும் ஏறும். அது 1.8 லட்சம். ஆக 7.8 லட்சம். ஏழு வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 12,950 ரூபாய். பதினைந்து வருடம் என்றால் மாதம் சுமார் 8,400, மொத்தம் 15 லட்சத்துக்கு மேல்.

பி.ஏ. மட்டும் முடித்த பெண்ணுக்கு எச்.ஆர். உதவியாளர், தொண்டு நிறுவனம், கால் சென்டர் என்று ஏதாவது வேலை கிடைக்கும். சம்பளம் 20,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் வாடகை கொடுத்துவிட்டு 12,950 கட்ட முடியுமா? முடியாமல் போனால் தவணை அப்பா தலையில் விழும், இல்லையென்றால் அவள் எம்.ஏ. கனவில் விழும். இரண்டாவதுதான் எனக்கு வருத்தம். வாசற்படிக்கே பணம் தீர்ந்துபோய், உள்ளே போகாமல் நின்றுவிடுவார்கள்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படிப்பு வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மனநலத்துக்கு ஆள் தேவைப்படும் நாடு இது. ஆனால் கடனை பி.ஏ.வில் செலவழிக்காதீர்கள். அரசுக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரி, வீட்டிலிருந்து போய்வரும் தூரம் என்று பட்டத்தைச் சிக்கனமாக முடித்துவிட்டு, கடன் வாங்கும் வாய்ப்பை முதுகலைக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பி.ஏ.வுக்கே வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டுங்கள். ஆறு லட்சமும் எடுத்தபின் அது மாதம் 5,000 ரூபாய். அப்படிக் கட்டினால் சில வங்கிகளில் வட்டியில் ஒரு சதவீதம் சலுகையும் உண்டு.

இன்னொன்று. எம்.ஃபில்லை யு.ஜி.சி. 2022-ல் நிறுத்திவிட்டது. கிளினிகல் சைக்காலஜிக்கு 2025-26 வரை நீட்டிப்பு கொடுத்தது. பாதை மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது. கல்லூரி விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்புக்கு மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அடைக்கப் போவது அவள்தானே.