துப்பாக்கியும் தற்கொலைத் தடுப்பும்

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் முற்றியிருக்கும் நேரத்தில், உயிரைப் பறிக்கக்கூடிய பொருள் ஒருவரின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வது, தற்கொலைத் தடுப்பில் பலன் உறுதிப்பட்ட வழிகளுள் ஒன்று. அமெரிக்காவில் அந்தப் பொருள் பெரும்பாலும் துப்பாக்கி. 2022இல் அந்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 49,000-க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 27,000 பேரின் உயிர் துப்பாக்கியால் போனது. பள்ளியிலும் கடைவீதியிலும் நடக்கும் துப்பாக்கிச் சூடுகள் உலகமெங்கும் செய்தியாகின்றன. ஆனால் அங்கே துப்பாக்கிக்குப் பலியாவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அந்தச் சாவுகள் குடும்பத்தோடு முடிந்துபோகின்றன.

'சாகத் துணிந்தவரை யாராலும் தடுக்க முடியாது. இது இல்லாவிட்டால் இன்னொன்று' என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் உண்டு. அது தவறு, ஆபத்தான தவறு. டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டனில், சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்த 13 முதல் 34 வயதினரிடம் விசாரித்த ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. முடிவெடுத்த ஐந்து நிமிடத்துக்குள் முயன்றதாகச் சொன்னவர்கள் 24 சதவீதம். முயன்று பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிற்காலத்திலும் தற்கொலையால் இறப்பதில்லை என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிவு. மனவேதனை ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். ஆனால் உயிரை விடத் தூண்டும் வேகம் நெடுநேரம் நிற்பதில்லை. அந்த நேரம் கடந்துவிட்டால் பேச ஆள் கிடைக்கும், மருந்து கிடைக்கும், மனமும் மாறும். துப்பாக்கி அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் அங்கே தற்கொலை நிகழும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 1992இலேயே ஆர்தர் கெல்லர்மனும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம், வைத்திராத ஆண்களைப் போல் எட்டு மடங்கு; பெண்களிடையே இது 35 மடங்கு. துப்பாக்கி உள்ள வீட்டாரிடம் மனச்சோர்வு மற்ற வீட்டாரைவிட அதிகமில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே வேறுபாடு மனத்தில் இல்லை, அலமாரியில் இருக்கிறது. 1992 ஆய்வு வெளிவந்திருந்தும், 1996இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த டிக்கி சட்டத்திருத்தத்துக்குப் பின் இத்தகைய ஆராய்ச்சிக்கு நடுவணரசின் பணம் வறண்டது. 2019 இறுதியில்தான் மீண்டும் ஒதுக்கினார்கள். இடையில் போனவை இருபது ஆண்டுகளுக்கும் மேல்.

இஸ்ரேல் படையின் அனுபவம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. வார இறுதியில் வீட்டுக்குப் போகும் இளம் வீரர்கள் ஆயுதத்தை முகாமிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்று 2006இல் விதி மாற்றினார்கள். படையில் தற்கொலைகள் 40 சதவீதம் குறைந்தன. குறைந்தது வார இறுதித் தற்கொலைதான். மற்ற நாட்களின் எண்ணிக்கை குறிப்பிடும்படி மாறவில்லை. அதே வீரர்கள், அதே கவலைகள். துப்பாக்கி மட்டும் பக்கத்தில் இல்லை.

துப்பாக்கியை உரிமையாகவும் குடும்பச் சொத்தாகவும் கருதும் அமெரிக்கக் கிராமப்புறத்தில் இதைப் பேசுவது எளிதன்று. அதற்கு வழி காட்டியது சிறு மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர். 2009இல் அங்கே ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மூன்று பேர், ஒரு வாரத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்திலேயே இறந்துபோனார்கள். கடைக்காரர் அதைக் கேட்டு ஒதுங்கிவிடவில்லை. பொதுச் சுகாதாரத் துறையினரோடும் மற்ற கடைக்காரர்களோடும் உட்கார்ந்து பேசினார். வாங்க வந்தவருக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது, எந்த ரகம் என்ற கவலையில்லை, மணமுறிவையோ வேலை போனதையோ பேச்சில் சொல்கிறார் என்றால் விற்கவேண்டாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லித்தந்தார்கள். கடைச் சுவர்களில் சுவரொட்டி ஏறியது. மாநிலத்துத் துப்பாக்கிக் கடைகளில் ஏறக்குறைய பாதி அதை ஒட்டின. துப்பாக்கிப் பயிற்சியில் 'பத்துக் கட்டளைகள்' என்று பாதுகாப்பு விதிகளைப் படிப்பிப்பார்கள். அதோடு பதினொன்றாவது சேர்ந்தது: வீட்டில் ஒருவர் மனமுடைந்திருந்தால் துப்பாக்கியைச் சிலகாலம் வெளியே வை. குடித்துவிட்டு வண்டியேறும் நண்பனிடம் சாவியைப் பிடுங்கிக்கொள்வது எப்படியோ, அப்படித்தான் இது. 'கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும், நீ தேறியதும் தருகிறேன்' என்று நண்பன் சொல்வதை, அரசு சொன்னால் கேட்காதவரும் கேட்பார்.

வெளியே வைப்பது என்றால் உறவினர் வீடு, சுடுபயிற்சிக் கூடம், துப்பாக்கிக் கடை, சில ஊர்களில் காவல் நிலையம். முடியாதபோது குண்டை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டி, குண்டுகளைத் தனியே பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்வது. மருத்துவரும் உளவியலாளரும் 'வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?' என்று கூச்சமின்றிக் கேட்கவும் பயிற்சி உண்டு. தற்கொலை எண்ணம் பற்றி நேரே கேட்பதால் அந்த எண்ணம் வராது. கேட்காமல் விடுவதே கெடுதல்.

சட்டங்களும் உள்ளன. ஆபத்தில் இருப்பவரின் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது கனெக்டிகட், 1999இல். அங்கும் இண்டியானாவிலும் பத்திலிருந்து இருபது பேரிடம் எடுத்தால் ஓர் உயிர் தப்புகிறது என்று ஆய்வாளர்கள் கணித்தனர். தனக்குத் துப்பாக்கி விற்கக்கூடாது என்று ஒருவர் தாமே பதிவுசெய்துகொள்ள வாஷிங்டன் மாநிலம் 2018இல் வகைசெய்தது.

இதே அறிவு தமிழர் வாழும் நிலங்களில் பூச்சிமருந்தின் வழியே பயன்பட்டிருக்கிறது. 1995இல் ஒரு லட்சத்துக்கு 47 என்றிருந்த இலங்கையின் தற்கொலை விகிதம், கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தபின் இருபதாண்டில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என்பது மதிப்பீடு. கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னையின் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பும் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் உழவர்கள் மருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தனர்.

உதவி தேடுவோர் அமெரிக்காவில் 988, இந்தியாவில் டெலி-மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926 ஆகிய எண்களை அழைக்கலாம். அருகிலிருந்து கவலைப்படுவோரும் அழைக்கலாம்.